படிக்காமல் போட்ட கையெழுத்து

பாப்பா,

செஞ்சி அண்ணனை உன் ஓட்டலில் ஒன்றுக்குப் போக விடாமல் திருப்பி அனுப்பியது நீதான். வாட்ச்மேன் மேலோ முதலாளி மேலோ பழியைப் போடாதே. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ சொல்லிக் கேட்ட கதை என்று நீ இதைத் தள்ளிவிட முடியாது.

அரியலூரில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மூன்று வருடமாக அந்த வண்டியை நானும் அவரும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம் என்பது உனக்குத் தெரியும். விழுப்புரம் தாண்டியதிலிருந்தே அவர் சீட்டில் நெளிந்துகொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது, பத்து வருடச் சர்க்கரை. வந்தால் அடக்க முடியாது. விக்கிரவாண்டி தாண்டும்போது, "எங்கனா ஓரங்கட்டுடா முகையூரு, தாங்காது" என்றார். முகையூர் என்பது நான்தான். நம் ஊர்ப் பக்கத்துப் பெயர்தான் ரோட்டில் எனக்குப் பெயர். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. "பத்து நிமிசம் பொறுத்துக்க அண்ணே. எம் பொண்ணு மேனேஜரா கீற ஓட்டலு வருது. கக்கூஸ்ல கூட ஏசி போட்டுகிறாங்களாம்" என்றேன். "கக்கூஸ்ல ஏசியா? அப்புறம் எவன்டா வெளிய வருவான்?" என்று அவர் சிரித்தார். சிரிக்கும்போதும் இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார். என் பெண்ணின் ஓட்டலைக் காட்ட வேண்டும் என்ற பெருமையில் ஒரு நோயாளியைப் பத்து நிமிடம் கட்டிப்போட்டேன். அது என் தப்பு. அதை உன் தலையில் வைக்கவில்லை.

உன் வாசலுக்கு வந்தால், லாரி நுழைய முடியாத உயரத்தில் குறுக்கே இரும்புக் கம்பி. புதிதாக நட்டு மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்திருந்தது. வண்டியை நூறடி தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு வெயிலில் திரும்பி நடந்தோம். வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தான். "லாரிக்காரங்களுக்கு அலோ இல்ல பெரியவரே." மேனேஜர் என் மகள் என்று சொன்னேன். "காலைல ஒர்த்தரு முதலாளி எம் மச்சான்னாரு" என்றான். அப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன். கோட்டுப் போட்டுக்கொண்டு நீ வந்தாய். உன்னை அந்தக் கோட்டில் நான் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. நீ செஞ்சி அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைத் தள்ளி அழைத்துப் போய், "அப்பா, ஓனரு உள்ள கீறாரு. நீ வேணா பின்பக்கமா வா. அவர பங்க்குல போவச் சொல்லு" என்று மெதுவாகச் சொன்னாய். மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் அவருக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை.

பெட்ரோல் பங்க் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உன் பின்னால் வந்தேன். "அவரு வரலன்னா நானும் வரல" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. நீ வேலை செய்யும் இடத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒரு வருடமாக இருந்தது. ஏசி இருந்தது உண்மைதான். கண்ணாடி, பூச்சட்டி, கை துடைக்கக் காகிதம். நான் கை துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒதுங்கியிருக்கிறார். வாட்ச்மேன் விசில் ஊதி, "யோவ், கேமரா கீது, அந்தாண்ட போ" என்று விரட்டியிருக்கிறான். முட்டி வலியோடு அவர் வண்டிக்கு ஓடியிருக்கிறார். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது டயர் பக்கத்தில் நின்று, பாட்டில் தண்ணீரை லுங்கி முழுக்க ஊற்றிக்கொண்டிருந்தார். எது எதனால் நனைந்தது என்று தெரியக் கூடாதாம். "பழைய இஞ்சின்டா. லீக் ஆவுது" என்றார்.

இதை மட்டும் சொல்வதற்காக இவ்வளவு பெரிய கடிதம் எழுதவில்லை. உன் ஓட்டல் நிற்கிற இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லியிருக்க வேண்டும். சம்பளத்தைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே தனக்கா ஓட்டல் இருந்தது. போர்டு கிடையாது. தனலட்சுமி என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், அவள்தான் நடத்தினாள். அவள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே பஞ்சர் போடுவார். புளிய மரத்தடியில் இருபது கயிற்றுக் கட்டில், ஒரு சிமென்ட் தொட்டி, மோட்டார் தண்ணீர். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் எந்நேரமும் கிடைக்கும், காலையில் இட்லிக்கு மல்லாட்டைக் கடலைச் சட்னி. வண்டி வந்து நின்றதும் தனக்கா சாக்பீஸோடு வருவாள். "எத்தினி மணிக்கு எழுப்பணும்?" என்று கேட்டு, முன் டயரில் அந்த மணியை எழுதிவிட்டுப் போவாள். நான்கு என்றால் நான்கு. அந்த நேரத்துக்கு யார் விழித்திருக்கிறார்களோ அவர்கள் டயர் டயராகப் பார்த்துக்கொண்டு போய், அந்தந்த வண்டிக்காரனைத் தட்டி எழுப்ப வேண்டும். அது அங்கே சட்டம். தன் டயரில் எழுதியிருந்தால்தான் அடுத்தவன் எழுப்புவான், அடுத்தவனை எழுப்பினால்தான் தனக்கு எழுதுவார்கள். எவனாவது எழுப்பாமல் போய்விட்டால், அடுத்த முறை தனக்கா அவன் டயரில் வெறும் பூஜ்யம் போட்டுவிடுவாள். பூஜ்யம் போட்ட வண்டியை ஒருவனும் தொட மாட்டான். சங்ககிரிக்காரர் ஒருவர் அப்படித் தூங்கி, வாழைத்தார் லோடு மொத்தத்தையும் பழுக்கவிட்டார்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நாமக்கல், சங்ககிரி, செஞ்சி, முகையூர். ஊர்ப் பெயரோடு முடிந்தது. எந்தத் தெரு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்தத் தெரு என்று கேட்பது இந்த ஜில்லாவில் என்ன கேள்வி என்று உனக்கே தெரியும். உன் தாத்தா கரும்பு வெட்டப் போன இடத்திலெல்லாம் களத்து ஓரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். நான் லாரியில் ஏறியதே அதற்காகத்தான். ஆனாலும் வேலையில் சேர்ந்து மூன்று வருடம் தனக்கா ஓட்டலில் நான் நிறுத்தவில்லை. மதுரையில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவேன், நெல்லூரில் சாப்பிடுவேன். சொந்த ஜில்லாவுக்குள் வந்தால் பசியோடு தாண்டிப் போவேன். நம்மை அடையாளம் தெரிந்தவன் எவனாவது உட்கார்ந்திருப்பான் என்ற பயம். நம் காலனியிலிருந்து லாரிக்குப் போன எல்லோரும் அப்படித்தான். வீட்டுக்குப் பக்கத்தில் பட்டினி, வீட்டை விட்டுத் தூரத்தில் விருந்து.

ஒருநாள் அசதி தாங்காமல் நிறுத்திவிட்டேன். பயந்தது போலவே நடந்தது. நம் ஊர்ப் பெரிய வீட்டுப் பையன், என் வயசுக்காரன், டிராக்டருக்கு டயர் வாங்கிக்கொண்டு வந்தவன், எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையை உதறினான். "இன்னாடா, நீ இங்க குந்திகினு துன்றியா? இன்னா தெருடா நீ, அக்காவுக்குச் சொன்னியா?" நான் தட்டோடு எழுந்துவிட்டேன். பழக்கம், கால் தானாக எழுந்துகொள்ளும். தனக்கா கரண்டியோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். "எனக்கு வண்டி நம்பரு தெரியும், ஊட்டு நம்பரு தெரியாது. நீ துன்னியா? துன்னுட்டினா ஜல்தியா எழுந்து போ. லோடு வண்டிக்காரன் நிக்கிறான், எடம் வேணும்." எல்லோரும் சிரித்தார்கள். அவன் போய்விட்டான். என்னிடம் அவள் சொன்னது ஒரே வார்த்தை: "குந்து." அவள் தர்மத்துக்காக அப்படிச் செய்தாள் என்று நான் சொல்லவில்லை. அவள் பிழைப்பு லாரிக்காரனால் ஓடியது, டிராக்டர்க்காரனால் இல்லை. காரணம் எதுவாக இருந்தால் என்ன, நான் உட்கார்ந்தேன்.

அந்த இடம் சொர்க்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. கக்கூஸ் கிடையாது, காட்டுப் பக்கம்தான் போக வேண்டும். சாராயம் ஓடியது. டேங்க்கிலிருந்து டீசல் உறிஞ்சுகிறவர்கள் இருந்தார்கள். ஒருமுறை கத்திக்குத்துகூட நடந்தது. பெண்கள் யாரும் அங்கே தனியாக வந்து நிற்க முடியாது. தனக்காவே இடுப்பில் எப்போதும் அருவாமனைக் கட்டையில் இருந்து கழற்றிய இரும்பைச் செருகி வைத்திருப்பாள். பழசு எல்லாம் நல்லது என்று பேசும் கிழவன் நான் இல்லை. லாரிக்காரன் நிறுத்தலாம், குளிக்கலாம், தூங்கலாம், உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். அவ்வளவுதான் அது. அதுவும் இப்போது இந்த ரோட்டில் இல்லை.

அதை மூட வைத்தது நான்.

நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது நாலுவழிச் சாலைக்கு அளக்க வந்தார்கள். தனக்கா இருந்தது புறம்போக்கு. ஆனாலும் பல வருடம் கடை நடத்தியவள், லாரி நிற்க வசதி தேவைப்படுகிற இடம், கொஞ்சம் தள்ளி மாற்று இடம் தரலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு காலை பேண்ட் போட்ட ஒருவர் அட்டையில் காகிதம் வைத்துக்கொண்டு வண்டி வண்டியாக வந்தார். நான் இஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தேன். ஜன்னல் வழியாக அட்டையை நீட்டினார், யாருடைய ஆள் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒரு டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை கையெழுத்துப் போடுவான் என்று உனக்குத் தெரியாது. ஏற்றும்போது ஒன்று, எடை போடும்போது ஒன்று, செக்போஸ்டில் ஒன்று, இறக்கும்போது இரண்டு. ஜன்னலில் காகிதம் நீண்டால் கை போடும், கண் ரோட்டில் இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அது ஒரு வியாதி. அதிலும் எனக்கு ஒரு திமிர் இருந்தது. எட்டாவதோடு நின்றவன், ஆனால் கையெழுத்தை மட்டும் இங்கிலீஷில் போடப் பழகியிருந்தேன். அதனால் அங்கே என்னைப் படித்தவன் என்று நம்பினார்கள். அந்தக் காகிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. "முகையூரே போட்டுட்டான், நமக்கு இன்னா" என்று மீதிப் பேர் வரிசையாகப் போட்டார்கள். செஞ்சி அண்ணன் கைநாட்டு வைத்தார்.

அதில் எழுதியிருந்தது இது: இந்த இடத்தில் லாரி நிறுத்துவது ஆபத்து, இங்கே சாப்பாடு சுத்தம் இல்லை, சட்டவிரோதக் காரியங்கள் நடக்கின்றன, இதை அகற்ற வேண்டும் என்று டிரைவர்களாகிய நாங்களே கேட்டுக்கொள்கிறோம். எல்லாம் இங்கிலீஷ். அதைக் காட்டித்தான் தனக்காவுக்கு மாற்று இடம் கிடையாது என்றார்கள். இரண்டு மாதம் கழித்து தனக்கா அதன் நகலை எடுத்துக்கொண்டு என் வண்டிக்கு வந்தாள். "முகையூரு, இது உன் கையெழுத்தா?" என்றாள். அது என் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியும். நான் சொன்னது: "இல்லக்கா." படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் படித்தவன் என்ற பேர் போய்விடும். அவள் விடவில்லை. "உன்னுதுன்னா பேஜாரு இல்லடா. புதன்கிழமை தாலுக்கா ஆபீசுக்கு வந்து, படிக்காத போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா மத்தவங்களும் சொல்லுவாங்க." நான் மறுபடியும் இல்லை என்றேன். புதன்கிழமை எனக்கு லோடு இருந்தது என்று ரோட்டில் கேட்டவர்களிடம் சொன்னேன். லோடு இல்லை. வீட்டில் படுத்திருந்தேன். உனக்குக் காய்ச்சல் என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். உனக்குக் காய்ச்சலும் இல்லை.

ஆடி மாதம் மெஷின் வந்து தொட்டியை இடித்தது. தனக்கா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிப் பக்கம் தள்ளுவண்டி போட்டிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு முறை பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன், இறங்கவில்லை. பிறகு அவளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது உன் காகிதத்துக்கு வருகிறேன். போன வாரம் அம்மாவிடம் கொடுத்தனுப்பினாயே, அது. "அப்பா கையெழுத்து மேல இருக்கட்டும், மத்த டிரைவருங்ககிட்டயும் வாங்கித் தரச் சொல்லு" என்று சொன்னாயாம். இந்த முறை நான் திண்டிவனம் போய், ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கொடுத்து, அந்த இங்கிலீஷை வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னேன். அதில் இருந்தது இது: உன் ஓட்டலுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் புளிய மரத்தடியில் லாரி நிறுத்துவது விபத்துக்குக் காரணம், அதை வேலி போட்டு அடைக்க எங்களுக்குச் சம்மதம், டிரைவர்களாகிய நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பெண் படித்து முடித்துவிட்டு, "ஐயா, நீங்களே உங்களுக்கு வேலி கேக்கறீங்களா?" என்றாள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், விரட்டப்படாமல் ஏழெட்டு வண்டி நின்று கண்ணயர மிச்சமிருக்கும் இடம் அது. அதை அடைத்தால் தூக்கம் வந்த டிரைவர் ரோட்டு ஓரத்திலேதான் நிறுத்துவான். பின்னால் வருகிற பஸ் அவன் மேல் ஏறும். விபத்துக்குக் காரணம் லாரி என்று மறுநாள் பேப்பரில் வரும்.

உன் பக்கத்து நியாயத்தை நீ போனில் சொன்னாய். "லேடீஸ் ஸ்டாஃப் வேல செய்றாங்கப்பா. போன மாசம் ஒர்த்தன் குடிச்சுட்டு வந்து கிளீனிங் பொண்ணு கையப் புடிச்சான். நாளைக்கு ஒண்ணுன்னா எங்கழுத்ததான் புடிப்பாங்க." அது பொய் இல்லை. அவனை ஸ்டேஷனில் கொடுத்திருக்க வேண்டும், நானே வந்து சாட்சி சொல்வேன். ஆனால் கார்க்காரர்கள் குடித்துவிட்டு வந்து உன் பெண்களிடம் வாலாட்டியதையும் நீதான் அம்மாவிடம் சொல்லி அழுதாய். அன்றைக்குக் கார் நுழையாதபடி நீ கம்பி நடவில்லை. ஒருவன் செய்த தப்புக்கு ஒரு கூட்டத்தையே வாசலில் நிறுத்துவது உனக்கு யார் சொல்லிக் கொடுத்த கணக்கு? உன் தாத்தாவைக் களத்து ஓரத்தில் உட்கார வைத்தவர்களும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சுத்தம் என்றார்கள். நீ சேஃப்டி என்கிறாய். நீ அவர்களைப் போல வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். வேலை போய்விடுமே என்ற பயத்தில் செய்கிறாய். நானும் பயத்தில்தான் இல்லை என்றேன். பயத்தில் செய்தாலும் தொட்டி இடிந்ததுதான்.

உனக்குப் புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மற்றவன் உன்னை நம்பி உன் பின்னால் கையெழுத்துப் போடுவான் என்று தெரிந்தால், அந்தக் காகிதத்தை இரண்டு முறை படி. தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே ஒத்துக்கொள். ஒரு நாள் தள்ளினால் அது உன் குணம் ஆகிவிடும். எனக்கு ஆகிவிட்டது. உன்னைப் பெற்றதிலிருந்து ஒரு தப்பையும் உன் முன்னால் நான் ஒத்துக்கொண்டதில்லை, யோசித்துப் பார்.

உன் காகிதத்தைக் கையெழுத்து இல்லாமல் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தனக்கா காகிதத்தின் கதையைச் செஞ்சி அண்ணனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். இருபது வருடமாக அந்தக் கைநாட்டு எதற்கு வைத்தோம் என்று தெரியாமலே இருந்திருக்கிறார். கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "உம் பொண்ணு இன்னா பண்ணப் போவுதாம்?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை உன் முதலாளி வருகிறார். இரண்டு விஷயம் அவரிடம் கேள். மரத்தடியை அடைக்கக் கூடாது. ஸ்டாஃப் போகும் பின்பக்கக் கக்கூஸை லாரிக்காரர்களுக்கும் திறந்துவிட வேண்டும். என்னைக் காரணம் காட்டாதே, அப்பா சொன்னார் என்று சொல்லாதே, மேனேஜராகக் கேள். ஞாயிற்றுக்கிழமை இதையே போனில் கேட்டேன். "கஸ்டமர் கீறாங்கப்பா, அப்புறம் பேசறேன்" என்றாய். திங்கட்கிழமை போனை எடுத்தாய், மறுபடியும் கேட்டேன். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. நேற்று நீ எடுக்கவே இல்லை. இன்றைக்கு எழுதிக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை அவர் முன்னால் நின்று கேட்பாயா, மாட்டாயா? சொல்.